வித்துட்டான் என்று சொல்வதற்கு முன்னால்

"வித்துட்டான் மச்சான்." கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு சொல்லிசைக் கலைஞனைக் காலி செய்ய இந்த இரண்டு வார்த்தை போதும். சினிமாவில் பாடினால் வித்துட்டான். தீபாவளி விளம்பரத்தில் வந்தால் வித்துட்டான். காதல் பாட்டு போட்டால் சொல்லவே வேண்டாம். இது சோம்பேறித்தனமான தீர்ப்பு என்பது என் கட்சி. அதைவிட மோசம், உண்மையில் எங்கே களவு போகிறது என்பதை இந்தத் தீர்ப்பு மறைத்துவிடுகிறது.

ராப் வியாபாரமாகிவிட்டது என்று ராப்பிலேயே புலம்புவது பழைய வழக்கம்தான். 1994இல் காமன் 'ஐ யூஸ்ட் டு லவ் ஹெர்' பாட்டில் ஹிப்ஹாப்பை வழிமாறிப் போன ஒரு காதலியாக்கினார். 2006இல் நாஸ் 'ஹிப் ஹாப் இஸ் டெட்' என்று மரண அறிவித்தலே கொடுத்தார். அந்த சிங்கிளைத் தயாரித்தவர் யார்? பிளாக் ஐட் பீஸ் குழுவோடு ராப்பைப் பாப் சந்தைக்குக் கொண்டுபோன வில்.ஐ.ஆம். வெளியிட்டது டெஃப் ஜேம். வியாபாரத்தைத் திட்டிய பாட்டும் வியாபாரச் சரக்காகத்தான் கடைக்கு வந்தது. அதனால் நாஸ் பொய்யர் ஆகிவிடவில்லை. ஆனால் சந்தைக்கு வெளியே நின்றுகொண்டு சந்தையைத் திட்டும் இடம் அவருக்கும் இருக்கவில்லை. நமக்கு மட்டும் எங்கிருந்து கிடைக்கும்?

அதே 2006இல்தான் யோகி பி, நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' வந்தது. அங்கே செத்துவிட்டது என்று அறிவிக்கப்பட்ட ஒன்று இங்கே கோலாலம்பூரில் தமிழில் நிமிர்ந்து நின்றது. இன்று சுத்தம் பேசுகிறவர்கள் அந்த ஆல்பத்தைத்தான் புனித நூலாகக் கையில் பிடிக்கிறார்கள். அதில் ஊரையே புரட்டிய 'மடை திறந்து' எதன்மேல் நிற்கிறது? 1980இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டின்மேல். நம் சொல்லிசையின் அஸ்திவாரத்திலேயே சினிமா இருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இன்னும் பின்னால் போகலாம். 1973 ஆகஸ்ட் 11, பிராங்க்ஸ். டிஜே கூல் ஹெர்க் இசை போட்ட, ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்று கொண்டாடப்படும் விருந்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டு: பெண்களுக்கு 25 சென், ஆண்களுக்கு 50 சென். பள்ளி திறக்கும்முன் புதுத்துணி வாங்க அவர் தங்கை சிண்டி ஏற்பாடு செய்த நிகழ்ச்சி அது. அந்தக் காசில் எந்தக் களங்கமும் இல்லை. களங்கம் 1979இல் வந்தது. முதல் பெரிய ராப் வெற்றியான 'ராப்பர்ஸ் டிலைட்'டில், கிராண்ட்மாஸ்டர் கேஸ் எழுதிய வரிகளை வேறொருவர் பாடினார். கேஸுக்குப் பெயரும் போடவில்லை, பங்கும் தரவில்லை.

விற்பது வேறு, பறிகொடுப்பது வேறு. நம் ஆள்கள் குழப்பிக்கொள்வது இங்கேதான்.

2021இல் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அந்த வாழ்க்கையிலிருந்து எழுந்த பாட்டு. ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. உலகம் முழுக்கப் போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. கேள்வி எழுந்த பிறகே அவருக்கென்று தனியாக ஒரு மின்னட்டை வந்தது. 2024 மார்ச்சில், அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசுகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே பகிரங்கமாகச் சொன்னார். இத்தனை கோடிப் பேர் கேட்ட பாட்டுக்கே இந்தக் கதி என்றால், கிள்ளானில் அறைக்குள் மைக் வைத்து ரெக்கார்ட் பண்ணுகிற தம்பிக்கு என்ன பாதுகாப்பு?

நம் நாட்டுச் சட்டத்தை எத்தனை சொல்லிசைக் கலைஞர்கள் படித்திருக்கிறார்கள்? 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவு சொல்வது இது: ஒருவர் கேட்டு நீங்கள் எழுதிக்கொடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், உரிமை கேட்டவருக்குப் போய்விட்டதாகவே கருதப்படும். அதாவது, "அண்ணே, ஒரு பாட்டு போட்டுக் குடு" என்ற வாட்ஸ்அப் செய்திக்குச் சரி என்று பதில் போட்டு, காசையும் வாங்கி எழுதிக் கொடுத்தால், உங்கள் வரிகள் உங்களுடையவை இல்லை என்று அவர் வாதாட இடமுண்டு. எழுத்தில் ஒரு பக்க ஒப்பந்தம் போதும், இதைத் தடுக்க. ஆனால் ஒப்பந்தம் கேட்டால் "காசுக்கு அலையிறான்" என்று சொல்வதும் நம் ஆள்கள்தான். சுத்தம் பேசிப் பேசியே முதலாளிக்கு வேலையைச் சுலபமாக்கிக் கொடுக்கிறோம்.

இரண்டாவது களவு உருவத்தில் நடக்கிறது. 2016இல் 'கபாலி' வந்தபோது ஏர் ஏசியா ஒரு விமானத்துக்கே ரஜினி படத்தைப் பூசியது. அந்தப் படம் தோட்டத் தொழிலாளர் வரலாற்றைப் பேசியது, உண்மை. ஆனால் அதற்குப் பிறகு மலேசியத் தமிழன் என்றாலே கோட்டு சூட்டு கேங்ஸ்டர் என்ற படம்தான் விலைபோகிறது. நம் பையன்களும் அதையே வீடியோவில் திருப்பி விற்கிறார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்களின் கதைக்கு ஸ்பான்சர் இல்லை; கத்திக்கும் காருக்கும் இருக்கிறது. தமிழ் இளைஞனை ஏற்கனவே சந்தேகத்தோடு பார்க்கும் ஒரு நாட்டில், அந்தச் சந்தேகத்துக்கு நாமே பின்னணி இசை போடுகிறோம். இதைத்தான் நான் வித்துட்டான் என்பேன்.

உடனே, "பார்த்தியா, சினிமாதான் கெடுத்துச்சு" என்பீர்கள். இல்லை. 2018இல் 'காலா'வின் 'கற்றவை பற்றவை'யில் யோகி பியும் ரோஷன் ஜாம்ராக்கும் இருந்தார்கள். ரஜினி படம், பெரிய பட்ஜெட். ஆனால் கல்வியையும் போராட்டத்தையும் சேர்த்துப் பிடித்த அந்தப் பாட்டின் கூர்மை, யாருக்கும் விலைபோகாதவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் எத்தனை பேரிடம் இருக்கிறது? மேடை யாருடையது என்பதைவிட, அதில் ஏறி என்ன சொல்கிறாய் என்பதுதான் கேள்வி.

இலக்கியம் படிக்கிற நமக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு சிறுகதைத் தொகுப்புக்குப் பத்துப் பக்கம் எழுதுவோம். தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தீபாவளிக்கு முன்னால் கடைக்குக் கடை அலறும் சொல்லிசைக்கு ஒரு பத்திகூட எழுத மாட்டோம். விமர்சனம் இல்லாத இடத்தில் வியூஸ் எண்ணிக்கைதான் விமர்சகன். அடுத்த முறை ஒரு பாட்டைப் பகிரும்போது, எழுதியவர் யார் என்று தேடிப் பார்த்து அந்தப் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். பெயர் இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். வரி மொக்கையாக இருந்தால், மொக்கை என்று காரணத்தோடு எழுதுங்கள். அதையெல்லாம் செய்த பிறகு வித்துட்டான் என்று சொல்ல நமக்குக் கொஞ்சம் உரிமை வரும்.