தலைவலி என்றால் நடிப்பா?

“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்” என்பது பழமொழி. பெரியவர்களுக்கு வந்தால் அது நோய். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு வந்தால் அதற்குப் பெயர் நடிப்பு!

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை... எந்த ஊர் வகுப்பறையிலும் இதைப் பார்க்கலாம். காலையில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சுருண்ட பையன், இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்ததும் பந்து விளையாடுகிறான். “பார்த்தீங்களா, பரீட்சைக்குப் பயந்து நடிச்சிருக்கான்” என்று தீர்ப்பு வந்துவிடும். சிறுவர்களுக்கு வரும் மைக்ரேன் அப்படித்தான் இருக்கும் ஐயா! இரண்டு மணி நேரத்திலேயே விட்டுவிடலாம், தூங்கினால் தணியும். தமிழில் ‘ஒற்றைத் தலைவலி’ என்று பெயர் வைத்ததும் ஒரு வம்பு. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வலிக்கும். பெயரை நம்புகிறவர்கள் பிள்ளையை நம்புவதில்லை.

நம்புகிறவர்களோ, “எல்லாம் டேனரி நாத்தம், பழகிடும்” என்று முடித்துவிடுகிறார்கள். தோலில் முடி நீக்கப் பயன்படும் சல்பைடு, அமிலக் கழிவோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அது தலைவலி தரும் என்பது உண்மை. ஷூ ஒட்டும் பசையின் நெடியும் தரும். அப்படியென்றால் நாற்றம் வரும் நாளையும் நேரத்தையும் எழுதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் புகார் கொடுக்க வேண்டாமா? பாலாறு கெட்டதற்கு 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 2025 ஜனவரியில் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆற்றுக்கே இந்தக் கதி என்றால், வாயைத் திறக்காத பிள்ளையின் வலியை யார் கேட்பார்கள்?

மூன்றாவது கொடுமை, கடை மாத்திரை. வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்கு மேல் மூன்று மாதம் விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். ஆஸ்பிரினைப் பிள்ளைகளுக்குத் தாமாகக் கொடுக்கவே கூடாது.

இத்தனைக்கும் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது இதே வேலூரில், சி.எம்.சி.யில்! அதன் நிழலில் இருந்துகொண்டு ஒரு பிள்ளையின் தலைவலியைச் சாக்கு என்று சொல்வது வெட்கக்கேடு.

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. ஒரு மாதம், வலித்த நாள், நேரம், தூக்கம், சாப்பாடு எல்லாவற்றையும் நோட்டில் குறிக்கலாம். அதிகாலை ஷூ கம்பெனி வண்டி பிடிக்கும் அம்மாவின் பிள்ளை வெறும் வயிற்றோடு வருகிறதா என்று ஆசிரியர் கேட்கலாம். 2022-ல் வந்த காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆறாம் வகுப்பு ஆனதும் பசி நின்றுவிடுமா? கண் பரிசோதனை செய்யலாம். வலி தூக்கத்தில் எழுப்பினாலோ, விடியற்காலை வாந்தியோடு வந்தாலோ, பார்வை மங்கினாலோ, வலிப்பு வந்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

வாரம் இரண்டு நாள் வலித்தால் இரண்டு நாள் பாடம் போச்சு. அடுத்த பரீட்சையில் மார்க் குறையும். அப்போது பிள்ளைக்குக் கிடைக்கும் பட்டம் ‘மக்கு’. முதலில் நடிகன், பிறகு மக்கு... நோயாளி என்று மட்டும் யாரும் சொல்லவே இல்லை!