கல்லடித் துறவியும் யாழின் கடனும்

1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக யாழ்நூல் அரங்கேறியது. பல நூற்றாண்டுகளாகச் செவிக்கு எட்டாதிருந்த யாழ் என்னும் நரம்புக்கருவிக் குலத்தின் இலக்கணத்தை விபுலானந்த அடிகள் அன்று அறிஞர் அவையில் நிறுவினார். அவர்தம் கணக்கின்படி செய்யப்பெற்ற கருவிகளும் அங்கு இசைக்கப்பட்டன. ஆறு வாரங்கள் கழிந்து, ஜூலை 19இல், அடிகள் கொழும்பில் மறைந்தார். மட்டக்களப்பின் கல்லடி உப்போடையில் 1929இல் அவர் தொடக்கிய சிவானந்த வித்தியாலய வளாகமே அவரது உடலை ஏற்றுக்கொண்டது.

துறவிக்கு இசை எதற்கு என்று சமயங்கள் பலவும் ஐயுற்றுள்ளன. தேவாரப் பண்ணில் ஊறிய நம் மரபிலோ அவ்வையம் என்றும் இருந்ததில்லை. அடிகளுக்கு யாழாராய்ச்சி ஓய்வுநேரப் பொழுதுபோக்கன்று. அது அவர்தம் துறவின் தொழிலாகவே இருந்தது. ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகளை அதற்கென அளித்தார்.

காரைதீவில் 1892இல் மயில்வாகனனாகப் பிறந்தவர், மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியில் பயின்றவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர், இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியற் பட்டதாரி: இவை ஒருவரிடத்தே கூடியிராவிடின் யாழ்நூல் பிறந்திராது. சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்குநல்லார் வரைந்த உரையும் புலவர்க்கு அருஞ்சொற் களஞ்சியமாகவே தோன்றின. அடிகள் அவற்றைக் கணக்காகப் படித்தார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்ட 22 அலகுகளை எண்களாக்கி, நரம்பின் நீளத்தோடு பொருத்தினார். ஒரு நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டாகக் குறைத்தால் குரலுக்கு இளி பிறக்கும். அந்த எளிய உறவைத் தொடர்ந்து சென்று பாலைகளின் பிறப்பையும், பண்களின் அமைதியையும், தேவாரப் பண்களின் இயல்பையும் அவர் விளக்கினார். அதே காப்பியத்தில் யாழ் பெரிதும் பேசும் கானல்வரிக்கு அடியார்க்குநல்லார் உரை நமக்குக் கிடைத்திலது. அவ்விழப்பை எண்ணுவோர்க்கே அடிகளின் உழைப்பினது அருமை புலனாகும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்ததும், கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கியதும், இமயமலைச் சாரலில் இருந்து 'பிரபுத்த பாரத' இதழை நடத்தியதும் அவர்தம் வாழ்வின் பிற பக்கங்கள். அவற்றைப் போற்றுவோர் பலர். நாம் இங்கு வலியுறுத்துவது ஒன்றே: யாழ்நூல் ஒரு கருவியின் வரைவு. வரைவை அலமாரியில் வைத்து வணங்குவது அதை ஆக்கியவரைப் போற்றுவதாகாது.

கல்லடிக்கு இதில் தனிக்கடன் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, அடிகளின் பெயரையே தாங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகம் இங்கேயே உள்ளது. மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களை நீரரமகளிராகக் கண்டு அவர் பாடியதும் இம்மண்ணை எண்ணியே. ஆண்டுதோறும் அவரது நினைவு நாளில் மாலையிடுகிறோம், உரையாற்றுகிறோம், மாணவர் பாடுகின்றனர், நன்று. ஆயினும் தச்சரும் இயற்பியல் ஆசிரியரும் பண்ணறிந்த இசைவாணரும் ஒரே மேசையில் அமர்ந்து, யாழ்நூலின் இசைநரம்பியல் பகுதி கூறும் அளவைகளை மரத்திலும் நரம்பிலும் சோதிக்கும் பணி, நினைவு நாளுக்கு மட்டும் உரியதன்று. ஆண்டு முழுதும் நிகழவேண்டியது. பிழைகள் தென்படின் திருத்தலாம். ஆராய்ச்சியாளரான அடிகள் அதை விரும்பியிருப்பார் என்பதில் எமக்கு ஐயமில்லை.

சென்னையில் தருண் சேகர் என்னும் இசைக்கருவிக் கைவினைஞர் அண்மை ஆண்டுகளில் யாழை மீண்டும் செய்து மேடைக்குக் கொணர்ந்திருக்கிறார். பெரும் நிறுவனம் எதுவுமன்றி ஒருவர் இயற்றிய அம்முயற்சி, நிறுவனமும் நூலும் ஒருங்கே வாய்த்த நமக்கு ஊக்கமாகவேண்டும். நிறுவகம் யாழிசைக்கென ஒரு பாடநெறியையும் ஒரு பட்டறையையும் தொடங்கட்டும். சிவானந்த வித்தியாலய மாணவர் ஏழு நரம்புச் செங்கோட்டி யாழிலிருந்து பயிற்சியைத் தொடங்கலாம். அதற்கான செலவை அரசும், புலம்பெயர்ந்து வாழும் மட்டக்களப்பு மக்களும், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வழிவந்தோரும் பகிர்ந்துகொள்ள வேண்டுகிறோம்.