அரை இஞ்ச் எல்போ கசிந்தால் யார் குற்றம்?

தொழிற்சாலைகளில் பெரிய குழாய்களுக்குக் கிடைக்கும் மரியாதை சின்னக் குழாய்களுக்குக் கிடைப்பதில்லை. ஆறு இஞ்ச் லைனுக்கு வரைபடம் உண்டு, கணக்கு உண்டு, வெல்டிங்கைச் சோதிக்க ஆளும் உண்டு. பிரஷர் கேஜுக்குப் போகிற அரை இஞ்ச் லைனுக்கு? பெரும்பாலும் "ஃபிட்டர் பார்த்துக்குவார்" என்பதோடு சரி. கசிந்தால் மட்டும் "அவர் சரியா டைட் பண்ணலை" என்பார்கள்.

இது நியாயமில்லை. பல நேரங்களில் தவறு அவர் ரெஞ்சை எடுப்பதற்கு முன்பே, "1/2 இஞ்ச் எல்போ - 20" என்று எழுதிய கொள்முதல் சீட்டிலேயே நடந்து முடிந்திருக்கும். அந்தச் சீட்டில் என்னவெல்லாம் இல்லை?

முதலில், மரை. இந்தியாவில் தண்ணீர்க் குழாய்களில் புழங்குவது பிரிட்டிஷ் வழி வந்த பி.எஸ்.பி.; அதன் மரைக் கோணம் 55 டிகிரி. அமெரிக்க இயந்திரங்களில் வரும் என்.பி.டி.யில் அது 60 டிகிரி. ஆனால் அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் இரண்டுக்குமே இஞ்சுக்கு 14 மரைகள். அதனால் ஒன்று மற்றொன்றில் ஏறிவிடும், இறுகியது போலவும் இருக்கும்! ஒரு இஞ்சில் 11, 11.5 என்று வித்தியாசப்படுவதால் சில சுற்றிலேயே முட்டிக்கொண்டு, தவறு தெரிந்துவிடும். சின்ன சைஸில் அந்த எச்சரிக்கையும் கிடையாது. டெஃப்லான் டேப்பைச் சுற்றி அன்றைக்குச் சமாளிக்கலாம். மரைப் பொருத்தத்தை டேப் உண்டாக்காது.

இரண்டாவது, தடிமன். அரை இஞ்ச் ஷெட்யூல் 40 பைப்பின் சுவர் 2.77 மி.மீ. அதில் என்.பி.டி. மரை வெட்டினால் ஏறக்குறைய 1.45 மி.மீ. ஆழம் போய்விடும். மிச்சம் பாதிக்கும் குறைவு. பம்ப் பக்கத்தில் அதிர்ந்துகொண்டே இருந்தால் விரிசல் அந்த மரையின் அடியில்தான் கிளம்பும். ஷெட்யூல் 80 பைப்பின் சுவர் 3.73 மி.மீ. மரை வெட்டிய பிறகும் 2.28 மி.மீ. மிஞ்சும்.

எல்போவைக் கையில் தூக்கி "நல்லா கனமா இருக்கு" என்று வாங்குபவர்கள் பைப்பை மறந்துவிடுகிறார்கள். ஏ.எஸ்.எம்.இ. பி16.11 தரத்தில் மரையுள்ள ஃபோர்ஜ்டு எல்போக்கள் 2000, 3000, 6000 என மூன்று கிளாஸ். இவை தாங்கும் அழுத்தத்தின் எண்கள் அல்ல. 2000-க்கு ஷெட்யூல் 80, 3000-க்கு ஷெட்யூல் 160 என்று ஜோடிப் பைப்பைச் சொல்பவை. 3000 கிளாஸ் எல்போவை ஷெட்யூல் 40-இல் மாட்டினால் எல்போ பிழைத்துக்கொள்ளும், பைப் பிழைக்காது.

மூன்றாவது, திசை. கப்ளிங் எங்கே இறுகினாலும் நிறுத்தலாம். எல்போ அப்படியல்ல, அது குறிப்பிட்ட பக்கம் பார்த்து நிற்க வேண்டும். இறுகிய பிறகு திசைக்காகக் கால் சுற்று பின்னால் திருப்பினால் சீல் போயிற்று. கடைசி இணைப்பில் ஒரு யூனியன் வைத்திருந்தால் அந்தத் தொல்லையே இல்லை. அந்த யூனியனும் சீட்டில் இருந்தால்தானே வரும்?

"மரையே வேண்டாம், எல்லாவற்றையும் வெல்ட் பண்ணலாமே" என்பது தீர்வல்ல. கேஜைக் கழற்றி மாட்ட வேண்டும், ஜி.ஐ. பைப்பை வெல்ட் செய்தால் துத்தநாகப் பூச்சு எரிந்து, அந்த இடம் துருப்பிடிக்கும். தண்ணீர், காற்று, குறைந்த அழுத்தம் என்றால் மரை எல்போ தாராளமாகப் போதும். அதிர்வும் ஆபத்தான திரவமும் சேரும் இடத்தில் மட்டும் சாக்கெட் வெல்டுக்குப் போவதே புத்திசாலித்தனம்.

சைஸுடன் மரை வகை, கிளாஸ், உலோகம், பைப் ஷெட்யூல், எங்கே மாட்டப் போகிறது... இவ்வளவும் எழுத ஒரு வரி போதும். ஸ்டீம் லைன் கசிந்தால் முதலில் வேகிறது ஃபிட்டரின் கைதான், சீட்டு எழுதியவரின் கை அல்ல. இன்று மெக்கானிக்கல் படிப்பவர்களில் பலர் நாளை அந்தச் சீட்டை எழுதப் போகிறவர்கள். அந்த ஒரு வரியை எழுதாதவருக்கு ஃபிட்டரைத் திட்டும் உரிமை கிடையாது.