கறுப்பு கவுனி சாப்பிட்டால் பக்கவாதம் வராதா? ஆன்டிஆக்ஸிடன்ட் பேச்சில் எது உண்மை?

"சுகரைக் குறைக்கும், பக்கவாதம் வராமல் தடுக்கும்." கறுப்பு கவுனி, மாப்பிள்ளை சம்பா அரிசியோடு இப்போது இந்தப் பேச்சும் சேர்ந்தே விற்கிறது. எப்படின்னு கேட்டால் கிடைக்கும் பதில் ஒரே வார்த்தை: ஆன்டிஆக்ஸிடன்ட்.

பூதலூர் வட்டாரத்துக்கு இது வெறும் வாட்ஸ்அப் சமாச்சாரம் இல்லை. இயற்கை வேளாண்மையை ஊர் ஊராகக் கொண்டுபோன நம்மாழ்வார் பிறந்த இளங்காடு, திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவர் வழியில் வந்த 'நெல்' ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டெடுத்தார். அந்த நெல்லுக்கு நல்ல விலை கிடைத்தால் டெல்டா விவசாயிக்கு லாபம். ஆனால், அரிசியை மருந்தென்று நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் அது உயிருக்கே ஆபத்து.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்ன செய்யும்?

உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும்போது 'ஃப்ரீ ரேடிக்கல்' எனும் நிலையற்ற மூலக்கூறுகள் உருவாகும். அளவு மிஞ்சினால் அவை செல்களைச் சிதைக்கும். அவற்றை அடக்குபவைதான் ஆன்டிஆக்ஸிடன்ட்கள். கவுனிக்குக் கருநிறம் தரும் ஆந்தோசயனின் அதில் ஒன்று. நாவல் பழத்திலும் இந்த வகை நிறமிகள் உண்டு.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டால், ஒரு நிமிடத்தில் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன. அடைப்பு நீங்கி ரத்தம் திரும்பப் பாயும்போதும் ஃப்ரீ ரேடிக்கல் பெருகி சேதம் கூடலாம். ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் பாதிப்பு இன்னும் மோசம். ஆக, 'ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்தால் மூளை பிழைக்குமே' என்று விஞ்ஞானிகள் யோசித்ததில் தப்பே இல்லை.

எலிக்குச் சரி, மனிதருக்கு?

ஆய்வகத்தில் எலியின் மூளை ரத்தக்குழாயை அடைப்பதற்கு முன்போ, அடைத்த சற்று நேரத்திலோ மருந்தைக் கொடுக்க முடியும். மனிதர் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் மணிக்கணக்கு ஓடிவிடும். விலங்குகளிடம் நம்பிக்கை தந்த என்.எக்ஸ்.ஒய்-059 மருந்து, 2006-ல் வெளியான முதல் பெரிய சோதனையில் ஓரளவு பலன் காட்டியது. சுமார் 3,300 பேரிடம் நடந்த அடுத்த சோதனையின் முடிவு 2007-ல் வந்தபோது, பலன் இல்லை என்று தெரிந்தது. திட்டமே கைவிடப்பட்டது.

எடரவோன் என்ற இன்னொரு மருந்துக்கு ஜப்பான் 2001-லேயே பக்கவாதத்துக்கு அனுமதி கொடுத்தது. அமெரிக்கா 2017-ல் அதை அனுமதித்தது வேறொரு நரம்பு நோய்க்குத்தான். வைட்டமின் இ மாத்திரைகள் குறித்த ஆய்வுகளை 2010-ல் தொகுத்துப் பார்த்தபோது, அடைப்பால் வரும் பக்கவாதம் 10% குறைந்திருந்தது. ரத்தக்கசிவால் வரும் பக்கவாதம் 22% கூடியிருந்தது. தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை இல்லை இது.

அப்போ கவுனி சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம், அளவோடு. சென்னையில் டாக்டர் வி.மோகன் குழு 2014-ல் வெளியிட்ட சிறிய ஆய்வில், வெள்ளை அரிசிக்குப் பதில் தீட்டாத அரிசி சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏற்றம் சுமார் 20% குறைந்தது. தவிட்டோடு இருக்கும் நார்ச்சத்து இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால், கவுனியும் அரிசிதான், பெரும்பகுதி மாவுச்சத்துதான். "சுகருக்கு நல்லது"ன்னு சொல்லி இரண்டு தட்டு சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். பாதித் தட்டுக்குக் காய், கொஞ்சம் பருப்பு, மீதிக்குச் சோறு என்பதே பாதுகாப்பான கணக்கு.

தமிழ்நாட்டில் 14.4% பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வு சொல்கிறது. பக்கவாதத்துக்கு முதல் எதிரி ரத்த அழுத்தம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரண்டுக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதை விடாமல் சாப்பிடுவதுதான் நிரூபிக்கப்பட்ட வழி.

பக்கவாதம் வந்துவிட்டால்?

வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் தொங்கினால், பேச்சு குழறினால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கிராமத்திலிருந்து தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போகும் நேரம், ஸ்கேன் எடுக்கும் நேரம் எல்லாம் அதற்குள் அடக்கம். கஷாயம் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்க அவகாசம் கிடையாது.

விற்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. உணவுப் பொருளைத் தவறாக விளம்பரம் செய்தால், 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ருசி, நார்ச்சத்து, மண்ணின் மரபு என்று பாரம்பரிய நெல்லுக்குச் சொல்ல உண்மையான பெருமைகளே நிறைய இருக்கின்றன. இல்லாத மருத்துவ குணத்தை ஏற்றிச் சொன்னால், நம்பி வாங்கியவர் ஏமாறும் நாளில் அடி வாங்குவது வயலில் நிற்கும் விவசாயிதான்.