மீன்காரம்மாவைத் திட்டாதீர்கள்

நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்கும்போது, "கடற்கரையைக் கெடுப்பதே இவர்கள்தான்" என்று நம் மயிலாப்பூர்க்காரர் யாராவது முணுமுணுப்பார். 2023 ஏப்ரலில் லூப் ரோட்டு மீன்கடைகளை அகற்ற மாநகராட்சி காட்டிய வேகம் நினைவிருக்கும். வடக்கே கூவமும் தெற்கே அடையாறும் நம் வீட்டுக் கழிவைச் சுமந்து இதே கடலில்தான் விழுகின்றன. அதை யார் அகற்றுவது?

வெறும் நாற்றமென்றால் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம். நாம் விழுங்கும் ஆன்டிபயாடிக்கில் ஒரு பகுதி உடம்பிலிருந்து அப்படியே வெளியேறுகிறது, மருந்துக்கு மசியாத கிருமிகளும் கூடவே. சாக்கடையில் ஒரு கிருமி தன் எதிர்ப்பு மரபணுவை வேறு ஜாதிக் கிருமிக்கும் கொடுத்துவிடும். (ஜாதி பார்க்காத இடம் அது ஒன்றுதான்!)

கடைசி ஆயுதமான கார்பபெனம் மருந்துகளையே முறிக்கும் என்.டி.எம்.-1 மரபணு சென்னை நோயாளிகளிடமும் இருப்பதாக 2010-லேயே லான்செட் குழும இதழில் கட்டுரை வந்தது. முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளருடையது. எல்லோரும் கொதித்தார்கள். எதற்கு? மரபணுவின் பெயரில் 'புது தில்லி' இருக்கிறதாம்! அடுத்த வருடமே தில்லியில் தேங்கிய நீர் மாதிரிகள் 171-ல் 51-லும், குழாய்த் தண்ணீர் 50-ல் 2-லும் அது கிடைத்தது.

மருந்து ஆலைகளின் கதை இன்னும் மோசம். அவற்றின் கழிவுநீரில் எவ்வளவு ஆன்டிபயாடிக் இருக்கலாம் என்று 2020 ஜனவரி வரைவில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வரம்பு வைத்தது. 2021 ஆகஸ்ட் அறிவிக்கையில் அது இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் பஸ்தேரைப் படித்துவிட்டு, ஆயுசு முழுக்கக் கோப்பு எழுதியவன் நான். வரைவில் இருந்த வரி தானாகக் காணாமல் போகாது.

அடையாறு முகத்துவாரத்துத் தண்ணீரை மாதாமாதம் சோதித்து, எந்தக் கிருமி எந்த மருந்துக்குச் சாகவில்லை என்று கடற்கரையில் பலகை வைக்கட்டும். பிறகு மீன்காரம்மாவிடம் சுத்தம் பேசலாம்.