குரங்குப் பெடல் போடும் பிள்ளைக்கும் ஏற்ற வழி: கடலூர், சிதம்பரம் சைக்கிள்காரர்களின் கோரிக்கைச் சாசனம்

கடலூர் மாவட்ட ஆட்சியர், கடலூர் மாநகராட்சி, சிதம்பரம் நகராட்சி, நெடுஞ்சாலை, நீர்வளம், வனம், சுற்றுலா ஆகிய துறைகள், தெற்கு ரயில்வே ஆகியோரின் மேலான கவனத்துக்கு.

நாங்கள் இந்த இரண்டு ஊர்களிலும் சுற்றுப்பட்டிலும் சைக்கிள் மிதிக்கிறவர்கள். விடியற்காலையில் பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவரும், முதுநகரில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவரும் எங்களில் உண்டு. பள்ளி லீவு விட்டதும் அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகும் பிள்ளை, மூட்டுவலிக்கு நல்லது என்று மருத்துவர் சொன்னதால் ஐம்பது வயதில் மறுபடி சீட்டில் ஏறிய பெண், கையால் சுழற்றும் மூன்று சக்கர வண்டிக்காரர், ஞாயிறுதோறும் கியர் சைக்கிளில் நூறு கிலோமீட்டர் போய்வரும் இளைஞர் எல்லோரும் சேர்ந்துதான் இதை எழுதுகிறோம்.

எங்கள் கேட்பு ஒன்றே. கோடையில் மிதிக்கத் தகுந்த, கண்ணுக்கும் குளிர்ச்சியான வழிகளைத் தேர்ந்தெடுத்து அறிவியுங்கள். அப்படித் தேர்ந்தெடுக்கும்போது எங்களில் மிகவும் மெலிந்த காலை அளவாக வையுங்கள். பலசாலி எந்தச் சாலையிலும் போய்விடுவான். அவனை வைத்துப் போட்ட வழியில் மற்றவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும்.

கடலூரில் இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1690-இல் ஆங்கிலேயர் இங்கே கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுந்த தொலைவே அவர்களுடைய எல்லை என்று பேச்சு. அப்படி வளைத்த கிராமங்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். குண்டு உப்பலவாடி இன்றும் அந்தப் பெயரைச் சுமக்கிறது. அன்று எல்லையைக் குண்டின் வீச்சு அளந்தது. இன்று பாதையை ஒரு பாட்டியின் மூச்சு அளக்கட்டும்.

ஆகவே முதல் வழி குறுகியதாக இருக்கவேண்டும். மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் வெள்ளி கடற்கரைக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர்தான். மேடில்லை. கெடிலத்தின் கழிமுகமும் புனித டேவிட் கோட்டையின் எச்சமும் பக்கத்திலேயே. காலை ஐந்தரை முதல் எட்டரை வரை, கோடை விடுமுறை முழுவதும், இந்தச் சாலையில் கார்களை நிறுத்தி சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் மட்டும் விடுங்கள். மீனவர்களின் வண்டிக்கு எந்தத் தடையும் வேண்டாம். கடற்கரை அவர்களுடையது, நாங்கள் விருந்தாளிகள்.

இரண்டாவது, சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம். ஏறத்தாழ 15 கிலோமீட்டர். பழகியவருக்கு ஒரு மணி நேரம், பழகாதவர் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளட்டும். தில்லை என்று ஊருக்குப் பெயர் தந்த மரம் ஊரில் இல்லை. அதைத் தேடி இந்தச் சதுப்புக்காட்டுக்குத்தான் வரவேண்டும். சிதம்பரத்துப் பிள்ளை ஒவ்வொன்றும் ஒருமுறையாவது தன் ஊரின் மரத்தைத் தன் காலால் மிதித்துப் போய்ப் பார்க்கவேண்டும் என்பது எங்கள் ஆசை. ஆனால் அந்த மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கிளை ஒடிக்காதே என்று எழுதிய பலகை ஒன்றை வனத் துறை சைக்கிள் நிறுத்துமிடத்திலேயே வைக்கவேண்டும்.

மூன்றாவது வழி கால் உரம் உள்ளவர்களுக்கு. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில், லால்பேட்டை, வீராணம் ஏரிக்கரை, சேத்தியாத்தோப்பு, புவனகிரி, மறுபடி சிதம்பரம் என்று சுமார் 70 கிலோமீட்டர் வட்டம். பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்தில் எழுந்த ஏரி இது. கரையின் நீளமே 16 கிலோமீட்டர் அளவுக்கு வரும். வந்தியத்தேவன் குதிரையில் வந்த கரை என்று ‘பொன்னியின் செல்வன்’ படித்த எல்லோருக்கும் தெரியும். லால்பேட்டையிலிருந்து வடக்கே மிதித்தால் இடது கைப்பக்கம் தண்ணீர், வலது பக்கம் பள்ளத்தில் வயல். இதைவிட அழகான காலை இந்த மாவட்டத்தில் வேறு இல்லை. அதே கரையில் பேருந்து ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு உரசிப்போகும்போது, ஒதுங்க ஓர் அடி மண்கூட இல்லாமல் நெஞ்சு அடைத்ததையும் நாங்கள் அறிவோம். கரைமேல் வேகத்துக்கு வரம்பு வேண்டும், வளைவுகளில் கைப்பிடிச் சுவர் வேண்டும், இரண்டு கிலோமீட்டருக்கு ஓரிடத்தில் ஒதுங்கி நிற்கத் திட்டு வேண்டும்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே உள்ள 45 கிலோமீட்டரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். தேசிய நெடுஞ்சாலை சிப்காட் வழியாகப் போகிறது. லாரிகளுக்கு நடுவே அதில் யாரையும் கோடைப் பயணம் அனுப்ப எங்களுக்கு மனசில்லை. கிழக்கே சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டைப் பக்கமாகக் கடலோர ஊர்ச்சாலைகள் இருக்கின்றன. அவற்றில் எவை ஒன்றோடொன்று சேர்கின்றன, எங்கே அறுகின்றன என்று சைக்கிளில் வரும் ஒரு பொறியாளரைக் கொண்டு அளந்து, அறுந்த இடங்களை இணையுங்கள். ஜீப்பில் வந்து அளந்தால் மணல் மூடிய இடமும் தார் விளிம்பின் சாண் பள்ளமும் தெரியாது.

போகச் சைக்கிள், வர ரயில் என்றால் பாதிப் பேருக்குத் தயக்கம் தீர்ந்துவிடும். கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம் என்று நிலையங்கள் பாதையோடு சேர்ந்தே வருகின்றன. பாசஞ்சர் வண்டியில் ஒரு பெட்டியின் ஓரத்தைச் சைக்கிளுக்கு ஒதுக்கி, நிலையத்திலேயே சிறு கட்டணத்தில் சீட்டுக் கொடுக்க ரயில்வேயைக் கேட்கிறோம்.

கத்திரி வெயிலைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம். ஒன்பது மணிக்குமேல் மிதிக்கக்கூடாது என்பது எங்களுக்கே தெரியும். திரும்பும் வழியில் நிழலைத்தான் கேட்கிறோம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் இந்த மாவட்டத்தின் பலாவையும் முந்திரியையும் மட்டும் சாய்க்கவில்லை, சாலையோர மரங்களையும் எடுத்துப்போனது. மிச்சத்தைச் சாலை விரிவாக்கம் பார்த்துக்கொண்டது. அறிவிக்கும் வழிகளில் புங்கன், வேம்பு, நாவல், புளி நடுங்கள். மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஊராட்சியின் நூறு நாள் வேலையாட்களுக்குக் கூலியோடு கொடுங்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல், பத்துக்கு ஒரு கழிப்பறை. இந்த இரண்டாவது இல்லாததால்தான் பெண்கள் வருவதில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களைச் சைக்கிளில் ஏற்றிவிட்டது. பெண்களுக்குப் பழக்கமில்லை என்ற பேச்சை இனி யாரும் எடுக்கவேண்டாம்.

காவிரி நீர் பாயும் பக்கத்தில் அறுவடைக் காலத்தில் உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பி, வண்டி ஏறி மிதிபட விடுவார்கள். சைக்கிள் செயினில் சுற்றிக்கொண்டால் ஆள் விழுவது நிச்சயம். அதற்காக விவசாயிமேல் வழக்குப் போடாதீர்கள். களம் இருந்தால் அவர் ஏன் சாலைக்கு வருகிறார்? ஊருக்கு ஒரு சிமெண்ட் களம் கட்டிக்கொடுங்கள், சாலை தானாகக் காலியாகும். அதுபோலவே கரையோரச் சீமைக் கருவேலத்தை வெட்டுபவர்கள் முள்ளைச் சாலையில் போட்டுவிட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டால் எங்கள் டியூப் பிழைக்கும். வழியில் இருக்கும் பஞ்சர் கடைக்காரர்களின் இடத்தை வரைபடத்தில் குறியுங்கள். புதிதாக எந்த நிறுவனத்தையும் கூப்பிடவேண்டாம்.

கரைகளில் மாட்டு வண்டியைத் தடுக்க நட்ட கற்களுக்கு நடுவே மூன்று சக்கர வண்டி நுழைவதில்லை. இடைவெளியை அகலமாக்குங்கள்.

வழிகாட்ட ஓர் எளிய முறையும் சொல்கிறோம். பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிய பிறகு, ஹ்யூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர் சுரங்கத்தில் பழகிய முறையை வெளியே கொண்டுவந்தார். 1995-இல் தொடங்கி, சைக்கிள் பாதை சேரும் ஒவ்வொரு சந்திக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். போகிறவர் எண்களைத் தன் வலுவுக்கு ஏற்பக் கோத்துக்கொள்ளலாம்; எந்த எண்ணிலும் திரும்பிவிடலாம். நெய்வேலியில் சுரங்கம் வைத்திருக்கும் மாவட்டத்துக்கு இது அந்நியமான யோசனை இல்லை. இரும்புப் பலகையும் பெயிண்டும்தான் செலவு. ஒவ்வொரு பலகையிலும் அடுத்த நிழல், அடுத்த தண்ணீர், அடுத்த ரயில் நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்று தமிழில் இருக்கட்டும்.

ஆண்டுதோறும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியரிடமிருந்து தொடங்கிய நல்ல திட்டம். அந்தச் சைக்கிள் ஓடச் சாலையும் கொடுங்கள் என்பதுதான் இந்தச் சாசனம். எல்லாவற்றையும் ஒரே கோடையில் கேட்கவில்லை. தேவனாம்பட்டினம் சாலையின் மூன்று மணி நேரத்தையும், மஞ்சக்குப்பத்தில் எண் 1 என்று எழுதிய முதல் பலகையையும் மட்டும், வரும் மே 4-க்குள், கத்திரி தொடங்குமுன் கொடுங்கள்.