ரிம் பெரிதானால் வேகம் கூடுமா?

செப்பாங் அனைத்துலகப் பந்தயத் தளத்தில் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 பந்தயம் நடந்தது. அந்த 19 ஆண்டுகளில் அங்கு ஓடிய ஃபார்முலா 1 கார்கள் அத்தனையும் 13 அங்குல ரிம் போட்டவை. கடைசி ஆண்டின் தகுதிச் சுற்றில் லூயிஸ் ஹேமில்டன் 5.543 கிலோமீட்டரை ஏறக்குறைய 90 வினாடியில் சுற்றி முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 221 கிலோமீட்டர். நம் வீட்டு வாசலில் நிற்கும் மைவிக்கு 14 அல்லது 15 அங்குல ரிம். அதைக் கழற்றிவிட்டு 17 அங்குலம் போட்டால் ‘ரேஸ் கார்’ ஆகிவிடும் என்று நம்பும் அண்ணன் ஒருவராவது நம் எல்லார் குடும்பத்திலும் இருக்கிறார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் இப்போது ‘டிராக் டே’ பற்றி நிறையப் பேசுகிறார்கள். கட்டணம் செலுத்தி, தலைக்கவசம் அணிந்து, சொந்தக் காரைப் பந்தயத் தளத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள் அது. 17 வயதில் கார் உரிமம் எடுக்கலாம் என்பதால், இன்று அண்ணனோடு வேடிக்கை பார்க்கப் போகிறவர் சீக்கிரமே ஓட்டுநராகவும் போகலாம். அதில் எனக்கு மறுப்பு இல்லை. நள்ளிரவில் நெடுஞ்சாலையில் வேகம் காட்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆனால், முதல் செலவே ரிம்முக்குப் போவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. காசு டயருக்குப் போக வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 கிலோ எடையுள்ள காரில் ஒரு சக்கரத்தின் மீது சராசரியாக 250 கிலோ, அதாவது சுமார் 2,450 நியூட்டன் விசை இறங்குகிறது. டயரில் காற்றழுத்தம் 210 கிலோபாஸ்கல். விசையை அழுத்தத்தால் வகுத்தால் பரப்பளவு கிடைக்கும். வகுப்பில் ‘தெக்கானான்’ என்று படித்த அதே பாடம்தான். விடை சுமார் 117 சதுர சென்டிமீட்டர். ஓர் அஞ்சலட்டைகூட அதைவிடப் பெரியது. கார் திரும்புவதும் நிற்பதும் இப்படிப்பட்ட நான்கு சின்னத் துண்டுகளின் தயவில்தான்.

உராய்வு தொடுபரப்பைப் பொறுத்ததல்ல என்றும் படித்திருப்பீர்கள். மரக்கட்டைக்கு அது பொருந்தும்; ரப்பர் அவ்வளவு கீழ்ப்படிவதில்லை. தார்ச்சாலையின் சொரசொரப்பான மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் அமுங்கி இறங்குகிறது. பிறகு மெதுவாகத்தான் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. அந்தத் தாமதத்தில் இழக்கப்படும் ஆற்றல் பிடிமானமாக நமக்குக் கிடைக்கிறது. சாலையின் மூலக்கூறுகளோடு ஒட்டிக்கொள்ளும் தன்மையும் அதற்கு உண்டு. மென்மையான ரப்பர் கூடுதலாகப் பிடிப்பதற்கும் சீக்கிரம் தேய்வதற்கும் காரணம் ஒன்றே. நம் தாத்தா பாட்டிமார் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக் கொடுத்த இயற்கை ரப்பர் இன்றும் டயர்களில் கலக்கப்படுகிறது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பிடிமானம் எவ்வளவு முக்கியம்? மணிக்கு 160 கிலோமீட்டரில் வரும் கார், வளைவுக்கு முன் 60 கிலோமீட்டருக்கு இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உராய்வுக் குணகம் 0.8 என்றால் சுமார் 108 மீட்டர் தேவை. அதுவே 1.0 என்றால் சுமார் 87 மீட்டர் போதும். ஏறத்தாழ 21 மீட்டர் மிச்சம். வழுக்கிப்போய் மணலில் இறங்குவதா, வளைவில் திரும்புவதா என்பதை அந்த 21 மீட்டர் தீர்மானிக்கும். பளபளக்கும் ரிம் எதுவும் இதைத் தராது.

பெரிய ரிம் தருவது பெரும்பாலும் எடையைத்தான். ஒரே உலோகத்தில், ஒரே முறையில் செய்தால் 17 அங்குல ரிம் 15 அங்குலத்தைவிடக் கனமாக இருக்கும். உருளும் பொருளுக்கு நேர்கோட்டு இயக்க ஆற்றலோடு சுழற்சி ஆற்றலும் சேர்ந்துகொள்ளும். எடை முழுவதும் விளிம்பிலேயே இருந்தால் இயக்க ஆற்றல் இரட்டிப்பாகும். ஆக, சக்கரத்துக்கு 2 கிலோ கூடினால் நான்கிலும் 8 கிலோ. வேகம் கூட்டும்போது இயந்திரத்துக்கு அது 16 கிலோவை நெருங்கும் சுமை. அதோடு, சுருள்வில்லுக்குக் கீழே இருக்கும் எடை கூடக்கூட, மேடுபள்ளத்தில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளுவதும் கூடும். துள்ளும் சக்கரத்துக்குப் பிடிமானம் ஏது?

“டீச்சர், எஃப்1 கார்களே 2022-இல் 18 அங்குலத்துக்கு மாறிவிட்டனவே?” என்று ஒரு மாணவர் மடக்கினார். நல்ல கேள்வி. சாலைக் கார்களின் டயருக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்பது அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். சக்கரங்களின் எடையும் கூடியது. பெரிய ரிம்முக்கு நியாயமான காரணங்களும் உண்டு: பெரிய பிரேக் தட்டு உள்ளே அடங்க வேண்டும், பக்கச்சுவர் குட்டையானால் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் உடனே பதில் சொல்லும். பிரேக்கை மாற்றாத மைவிக்கு முதல் காரணம் இல்லவே இல்லை. பிரேக் அடங்கும் அளவுக்குச் சிறியதாகவும், உறுதி குறையாமல் எடை குறைந்ததாகவும் இருப்பதே நல்ல ரிம் என்பது என் கருத்து. பல பேருக்கு அது காரோடு வந்த ரிம்மாகவே இருக்கும்.

டயர் வாங்கும்போது பக்கச்சுவரைப் படியுங்கள். 185/55 ஆர்15 என்றால் அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 55 விழுக்காடு, அதாவது சுமார் 102 மில்லிமீட்டர். ரிம் 15 அங்குலம். பல டயர்களில் ‘டிரெட்வேர்’ எண்ணும் இருக்கும். 400 என்பது நீண்ட நாள் உழைக்கும் சாலை டயர். 200-ஐ ஒட்டியது மென்மையானது, தளத்துக்கு ஏற்றது. அந்த எண்ணைத் தயாரிப்பாளரே குறிப்பிடுவதால் ஒரு நிறுவனத்தை இன்னொன்றோடு அப்படியே ஒப்பிட முடியாது. கடைசியாக நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப் போயிருக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்காதீர்கள்.

வாயு விதிக்கு வருவோம். காலையில் 30 பாகை செல்சியசில் 210 கிலோபாஸ்கல் அடைக்கிறோம். சில சுற்றுகளில் உள்ளே இருக்கும் காற்று 80 பாகை ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மானி காட்டும் அளவோடு வளிமண்டல அழுத்தம் 101-ஐக் கூட்டி, கெல்வினில் கணக்குப் போட்டால், மானி இப்போது சுமார் 261 காட்டும். டயர் நடுவில் புடைத்து, தரையைத் தொடும் பரப்பு குறையும். அதனால்தான் அனுபவசாலிகள் தளத்திலிருந்து வந்ததும் சூடாக இருக்கும்போதே அளந்து, காற்றைக் கொஞ்சம் இறக்குகிறார்கள்.

பலர் மறப்பது அதற்குப் பிறகு வருவதைத்தான். சூட்டில் 210-க்கு இறக்கிய டயர், குளிர்ந்து 30 பாகைக்கு வந்ததும் சுமார் 166-தான் காட்டும். அந்த டயரோடு எலைட் நெடுஞ்சாலையில் வீடு திரும்பினால் பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடங்கிச் சூடேறும், வெடிக்கவும் கூடும். புறப்படும் முன் மறுபடி காற்று அடைத்தாக வேண்டும். மாலை மழை வேறு நம் ஊரில் சொல்லாமல் வரும். பள்ளங்கள் குறைந்த ‘செமி-ஸ்லிக்’ டயர் காய்ந்த தளத்தில் ராஜா. தேங்கிய நீரை வெளியேற்ற வழியில்லாமல் சாலையில் அப்படியே மிதக்கும். பூவின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியும் குற்றம். வசதி உள்ளவர்கள் தளத்துக்கென்று தனி டயர்களை எடுத்துப்போய் அங்கேயே மாற்றிக்கொள்கிறார்கள். வசதி இல்லாதவர்களுக்கு, ஈரத்திலும் நம்பக்கூடிய நல்ல சாலை டயரே போதும்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் அண்ணன் ரிம் வாங்கத்தான் கிளம்புகிறார் என்றால் கூடவே போங்கள். பிரபல ரிம்களின் வடிவத்தை அப்படியே காப்பியடித்த மலிவு ரிம்கள் சந்தையில் உண்டு. குழியிலோ தளத்தின் ஓர மேட்டிலோ மோதினால் அவை விரிசல் விடலாம். ஜப்பானியத் தர அடையாளமான ‘ஜேடபிள்யூஎல்’, அதைச் சோதித்ததற்கான ‘விஐஏ’ முத்திரைகள் ரிம்மில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ரிம்மின் எடை எத்தனை கிலோ என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் தராசு கேளுங்கள்.